இரண்டாம் முறை விழுந்தவர்

முதல் பாவத்தைப் பற்றிக் கிறிஸ்தவச் சபைகளுக்குள் பெரிய வழக்கு எதுவும் இல்லை. மனிதன் பாவி. மன்னிப்பு அவன் சம்பாதிப்பதல்ல, கிறிஸ்துவின் சிலுவையிலிருந்து வருவது. இந்த அளவில் சாந்தோம் பேராலயத்துக் குருவானவரும், கதீட்ரல் சாலைத் தூய ஜார்ஜ் பேராலயத்துப் பேராயரும், சைதாப்பேட்டைப் பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுவார்கள். குரல் பிரிவது அடுத்த பாவத்தில். மன்னிப்புப் பெற்று, ஞானஸ்நானம் எடுத்து, சபை நடுவில் எழுந்து நின்று சாட்சியும் சொன்ன ஒருவர் மறுபடி அதே குழியில் விழுகிறார். இப்போது அவர் யார்? பெற்றதை இழந்தவரா? பெறாமலேயே பெற்றதாக எண்ணிக்கொண்டிருந்தவரா? விழுந்த பிறகும் பிடி விடப்படாதவரா?

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். குடித்தே அழிந்துவிடுவார் என்று உறவுக்காரர்கள் கைவிட்ட நிலையில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனார், விட்டார். வீட்டில் புதிதாக அரிசி மூட்டை வந்து இறங்கியது. பிள்ளைகள் அப்பாவின் சத்தம் கேட்டு ஒளிந்துகொள்வதை நிறுத்தினார்கள். பிறகு ஒரு சாவு வீட்டில் மறுபடியும் தொடங்கியது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பின்மாற்றக்காரன் ஆகிவிட்டான் என்றார் ஒருவர். முதலிலேயே மனந்திரும்பவில்லை, வெறும் உணர்ச்சிவசம் என்றார் இன்னொருவர். ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் இரட்சிக்கப்பட்டதுதான், கவலைப்பட வேண்டாம் என்றார் மூன்றாமவர். அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: “அண்ணா, இவரு இப்ப உள்ளே இருக்காரா, வெளியே இருக்காரா?”

அந்தப் பெண்ணின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த நகரத்தின் சபைகளைப் பார்க்கிறேன். மீட்பைப் பற்றிய எந்த உபதேசத்தையும் நான் நிறுத்துப் பார்ப்பது இப்படித்தான்: இரண்டாம் முறை விழுந்தவருக்கும், அவரோடு ஒரே அறையில் படுத்து எழ வேண்டியவர்களுக்கும் அது என்ன கொடுக்கிறது?

கேள்வி திருச்சபையின் வயதையொத்தது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கியவர்களும் உண்டு. துன்புறுத்தல் ஓய்ந்ததும் அவர்கள் கோயில் வாசலுக்கு அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்க்கக் கூடாது என்று ரோமில் நோவாசியன் தனிச் சபையே கண்டார். தவம் செய்தபின் சேர்க்கலாம் என்றார் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான். அதற்கு முன்னரே ரோமில் எழுதப்பட்ட எர்மாவின் நூல், ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரே ஒரு மனந்திரும்புதலுக்கு இடம் உண்டு என்று சொல்லியிருந்தது. ஒன்று! எந்த மனிதனின் வாழ்க்கை அந்தக் கணக்கில் அடங்கும்? விலகிப்போனவர்களை மறுபடி புதுப்பிக்க முடியாது என்னும் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் அன்றும் இன்றும் விழுந்தவர்களின் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்கிறது. என் ஆடுகளை எவரும் என் கையிலிருந்து பறிக்க முடியாது என்னும் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் அதை மெல்ல உருவி எடுக்கிறது. இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன.

கத்தோலிக்கரின் பதில் பாவசங்கீர்த்தனம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்னும் பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அவர் விதிக்கும் அபராதம் என்று ஐந்து படிகளைச் சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சாவான பாவம் தேவ இஷ்டப்பிரசாதத்தைக் கொன்றுவிடுகிறது. 1547இல் திரெந்து சங்கம் இதை உறுதியாகச் சொன்னதோடு, கடைசிவரை நிலைத்திருப்பேன் என்று தனி வெளிப்பாடு இல்லாமல் எவரும் உறுதி கொள்ள முடியாது என்றும் சொன்னது. கேட்பதற்குக் கடுமைதான். ஆனால் அதே சங்கம், கப்பல் உடைந்த பிறகு கைக்கு எட்டும் இரண்டாவது பலகை என்று பழைய சபைத் தந்தையர் ஒப்புரவைச் சொன்னதையும் எடுத்துக்கொண்டது. இழக்கலாம் என்று சொன்ன அதே வாய் திரும்பிவரும் வழியையும் சொல்லிவிட்டது. எத்தனை முறை என்ற கணக்கு அங்கே இல்லை.

தமிழ் அச்சின் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு, நாம் போதிய அளவு கவனிக்காத இடம். 1578இல் தம்பிரான் வணக்கம், 1579இல் கிரிசித்தியானி வணக்கம் அச்சேறின. 1580இல் கொச்சியில் அண்டிரீக் அடிகளார் அச்சிட்ட கொம்பெசியொனாயரு என்னும் சிறுநூல் முழுக்க முழுக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கான வழிகாட்டி. திருக்குறள் அச்சாவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் தங்கள் குற்றங்களைத் தங்கள் தாய்மொழியில் எப்படிச் சொல்வது என்பதற்கான புத்தகமோ அதற்குள் வந்துவிட்டது. மொழி தெரியாத குருவிடம் முழந்தாளிட்ட மீனவனின் தவிப்பு அந்த அவசரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாவத்தைத் தன் சொல்லில் சொல்லக் கிடைக்காதவனுக்கு மன்னிப்பும் அரைகுறையாகத்தான் காதில் விழும்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 அன்று கொடி ஏறி, செப்டம்பர் 8 அன்று திருவிழா முடியும். காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டத்துக்குள் பாவசங்கீர்த்தனம் செய்ய நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் நான் காண்பது பயம் மட்டுமல்ல. சொல்லித் தீர்க்கப்போகிறோம் என்கிற ஒரு வேகமும் அதில் உண்டு. என் பாட்டி ஆர்.சி. குடும்பத்தில் பிறந்தவர். சி.எஸ்.ஐ. வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, தேவாலயம் மாறி, கீர்த்தனைகள் மனப்பாடமாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் குருவிடம் சொல்லிவிட்டு எழுந்திருக்கும் அந்த நிம்மதி ஒன்றைத்தான் விட்டுவந்ததாகச் சொல்வார்.

கேட்கும் காது ஆபத்தாகவும் ஆகலாம். 2018இல் கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ் சபைக் குருமார் சிலர் ஒரு பெண் அறிக்கையிட்டதை வைத்தே அவரை மிரட்டிச் சீரழித்ததாகப் புகார் எழுந்தது. அதையடுத்து தேசிய மகளிர் ஆணையம் பாவ அறிக்கையையே ஒழிக்கும்படி பரிந்துரைத்தது. சபைகள் எதிர்த்தன. அந்த அருட்சாதனத்தை ஒழிக்கக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் எதிர்ப்புத் தெரிவித்த வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது அந்தப் பெண்ணின் பக்கம் நின்று காட்டியிருக்க வேண்டும். மன்னிப்பை அறிவிக்கும் அதிகாரம் கையில் இருப்பவர் செய்யும் துரோகம் மற்றப் பாவங்களோடு ஒரு பட்டியலில் எழுதத்தக்கதல்ல.

சீர்திருத்தச் சபைகள் அந்தக் காதை எடுத்துவிட்டு மனிதனை நேராகக் கடவுள் முன் நிறுத்தின. நிறுத்தியதும் உள்ளே வெளியே என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் சங்கம், கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கடைசிவரை காக்கப்படுவார்கள், அவர்கள் விழலாம், ஆனால் முற்றாக விழ முடியாது என்று தீர்மானித்தது. ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஜான் வெஸ்லி 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் பக்கம் நின்று, மெய்யான விசுவாசியும் விசுவாசத்தைக் கப்பற்சேதமாக்கிக்கொள்ளக் கூடும் என்று எழுதினார். ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளில் பதினாறாவது இந்த இரண்டுக்கும் நடுவே, விழலாம், கிருபையால் எழலாம், எழுகிறவனுக்கு மன்னிப்பு இல்லை என்பவன் கண்டிக்கத்தக்கவன் என்றது. லுத்தரன்களும் விழ முடியும் என்றே போதித்தார்கள். தமிழ்நாட்டில் அவர்களோடு கத்தோலிக்கரான வீரமாமுனிவர் நடத்திய சண்டை வேதவிளக்கம், பேதகமறுத்தல் என்று புத்தகங்களாகவே நிற்கிறது. தமிழ் உரைநடை கூர்தீட்டப்பட்ட கல்லில் ஒன்று இந்தச் சண்டை. ஆனால் அந்தப் பக்கங்களில் விழுந்தவருக்கான இரக்கத்தை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஓடைகள் அத்தனையும் வந்து கலந்த இடம் சென்னை. சுதந்திரம் வந்து ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. ஆங்கிலிக்கர் வந்தார்கள். இராயப்பேட்டையில் பள்ளியும் கோயிலும் கட்டிய வெஸ்லியின் மெதடிஸ்டுகள் வந்தார்கள். பிரஸ்பிட்டீரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் 1908இலேயே ஒன்றாகித் தென்னிந்திய ஐக்கிய சபை என்ற பெயரில் இருந்தார்கள், அவர்களும் வந்தார்கள். வேலூர்ப் பக்கத்து ஆற்காடு மிஷன் வழியாக டோர்ட் சங்கத்தின் நேர் வாரிசுகளும் அதற்குள் இருந்தார்கள். இரட்சிப்பை இழக்க முடியும் என்பவனும் முடியாது என்பவனும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டு ஒரே அப்பத்தை வாங்கினார்கள். ஆயர்கள் உள்ள சபையும் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றானதற்கு உலகத் திருச்சபை வரலாற்றில் முன்மாதிரி இல்லை. அந்த மாடங்களின் கீழ் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 1919இல் தரங்கம்பாடியில் ஆயர் அசரியா போன்றவர்கள் கூடிப் பேச்சைத் தொடங்கியதிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள் விவாதம் நடந்தது. அதில் பெரும்பகுதி ஆயர் பதவியைப் பற்றியது. யார் தலையில் யார் கை வைத்தால் அபிஷேகம் செல்லும் என்பதைப் பற்றியது. வேதம், இரு பழைய விசுவாசப் பிரமாணங்கள், இரு சாக்கிரமெந்துகள், ஆயர் ஊழியம் என்ற அடித்தளத்தில் ஒன்றானார்கள். விழுந்தவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைக் கிளறவில்லை. கிளறியிருந்தால் ஒன்றாகியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. அந்த மௌனத்தில் ஞானம் இருந்தது. ஆனால் அடுத்த தலைமுறைகளில் அது பழக்கமாகிப்போனது. ஞாயிறுதோறும் முழந்தாளிட்டுச் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், குருவானவர் மன்னிப்பை அறிவிக்கிறார், எழுந்து அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறோம். திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கட்டளைகளை ஒப்பித்த எத்தனை பேருக்கு மன்னிப்பு எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது என்று ஒரு முழு மணிநேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம்?

சொல்லிக்கொடுக்காத இடத்தில் பெந்தெகொஸ்தேக்காரர் வந்து கேட்டார்: “பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா? எப்போ?” தேதி கேட்கும் இந்தக் கேள்விக்கு முன்னால் பரம்பரைச் சி.எஸ்.ஐ. குடும்பங்கள் திகைத்து நின்றதை நான் வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். என் அத்தை அப்படித்தான் போனார். 1973இல் டி. மோகன் தொடங்கிய நியூ லைஃப் அசெம்பிளி ஆஃப் காட் சபை சைதாப்பேட்டை சின்னமலைப் பக்கம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பது ஊருக்கே தெரியும். தி. நகரிலும் அடையாற்றிலும் வாடகை மண்டபங்களிலும் மொட்டைமாடிக் கொட்டகைகளிலும் கூடும் சிறு சபைகளுக்கு அளவில்லை. குடிகாரக் கணவனோடு மல்லுக்கட்டிய பெண்களுக்கு முழு இரவு ஜெபமும், பேர் சொல்லி வேண்டிக்கொள்ளும் ஆட்களும் அங்கேதான் கிடைத்தார்கள். இதைக் குறைத்துச் சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்காது.

அசெம்பிளி ஆஃப் காட் உபதேசம், நிபந்தனையில்லாத நித்திய பாதுகாப்பை ஏற்பதில்லை. விசுவாசத்தை விட்டு விலகினால் இரட்சிப்பை இழக்கலாம். இரட்சணிய சேனையின் கோட்பாடும் தொடர்ந்த கீழ்ப்படிதலுள்ள விசுவாசத்தைக் கேட்கிறது. இறையியலாகப் பார்த்தால் வெஸ்லி சொன்னதுதான். ஆனால் பிரசங்க மேடையிலிருந்து வீட்டுக்குள் வரும்போது அது வேறாகிறது. கத்தோலிக்கருக்கு இழப்பும் உண்டு, இழந்ததை மீட்கக் குறித்த வழியும் உண்டு. இங்கே இழப்பு மட்டும் உறுதி, மீட்பு அவரவர் அழுகையின் ஆழத்தைப் பொறுத்தது என்று ஆகிவிடுகிறது. பெந்தெகொஸ்தே வீடுகளில் வளர்ந்த பலர் ஒரே அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நடு இரவில் விழித்துப் பார்க்கிறார்கள், பக்கத்தில் அம்மா இல்லை. கிறிஸ்துவின் இரகசிய வருகை நடந்துவிட்டது, அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டாள், நான் கைவிடப்பட்டேன் என்று உடம்பு உதறுகிறது. அம்மா சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஒரு குழந்தைக்கு அந்த இரவைக் கொடுக்கும் உபதேசம் எங்கேயோ திசை தவறிவிட்டது. அதை நான் தயங்காமல் சொல்வேன்.

அந்தப் பயத்தின் மறுபக்கமாகத்தான் கடந்த சில ஆண்டுகளில் கிருபை உபதேசம் தமிழில் பரவியது. சிங்கப்பூர் ஜோசப் பிரின்ஸின் செய்திகள் யூடியூப் வழியாக வந்தன. எல்லாப் பாவமும், நாளைக்குச் செய்யப்போவதும் சேர்த்து, மன்னிக்கப்பட்டாயிற்று, இனி தினமும் அறிக்கை செய்து மாய வேண்டாம் என்று கேட்டபோது பலருக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை நான் பழிக்க மாட்டேன். ஆனால் மந்தைவெளிப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவள் கணவர் மன்னிக்கப்பட்டாயிற்று என்றால் அவளுக்குக் கிடைத்த அடிகளுக்கு யார் கணக்குச் சொல்வது? அவளிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

தமிழ்நாட்டார் இந்தச் சண்டையை மேற்கிலிருந்து இறக்குமதி செய்துகொண்டவர்கள் அல்ல. மயிலாப்பூர் பேயாழ்வார் பிறந்த ஊர். ஆழ்வார்களின் பாசுரங்களை வைத்தே பின்னால் வைணவம் இரண்டாகப் பிரிந்தது. குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது குரங்கின் நியாயம். தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் என்பது பூனையின் நியாயம். வேதாந்த தேசிகர் வழி வடகலையார் முதலாவதையும் பிள்ளை லோகாசாரியர் வழி தென்கலையார் இரண்டாவதையும் சொன்னார்கள். ஈன்ற பசு கன்றின் அழுக்கை நக்கித் தீர்ப்பதுபோல் அடியாரின் குற்றத்தையே பெருமான் விரும்பி ஏற்கிறான் என்ற எல்லை வரை தென்கலை போனது. டோர்ட் கூடுவதற்கு முன்னரே காஞ்சியிலும் சீரங்கத்திலும் இந்த வாதம் எழுந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டு வளர்ந்த ஒரு வைணவ வீட்டுப் பிள்ளைதான் எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளை. 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையை எடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் இரட்சணிய யாத்திரிகமாக விரித்தார். 1894இல் அது வெளிவந்தது. மீட்பை ஒரு தேதியாகப் பார்க்காமல் நீண்ட நடையாகப் பார்த்த கதை தமிழ்க் காப்பியமாக உருக்கொண்டது இப்படித்தான்.

பனியன் இந்தக் கேள்வியால் சித்திரவதைப்பட்டவர். கிறிஸ்துவை விற்றுவிட்டேன், இனி மன்னிப்பே இல்லை என்ற எண்ணம் அவரை நெடுங்காலம் ஆட்டியது. தன் வரலாற்றை எழுதிய நூலில் அதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். அந்தச் சித்திரவதைக்குப் பிறகு எழுதிய கதையில் பயணி கடைசி ஆற்றைக் கடக்கும்போது பழைய பாவங்களின் நினைவு வந்து அமிழ்கிறான். ஊர் வாசல் எதிரே தெரிகிறது, அவனுக்கோ கால் நிலைக்கவில்லை. கூட வந்த நண்பன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான். கடவுள் பிடியை விட மாட்டார் என்று நம்பிய கால்வின் மரபைச் சேர்ந்தவர் பனியன். அந்தப் பிடியைக் காட்ட வேண்டிய இடத்தில் அவர் காட்டியது ஒரு மனிதக் கையை. நான் பூனையின் பக்கம் நிற்கிறவன். கடவுள் விட மாட்டார் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அமிழ்கிறவர் தலையில் படும் கை சபையில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவருடையது என்பதையும் அதே அளவுக்கு நம்புகிறேன்.

லெஸ்லி நியூபிகின் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார் என்று எனக்குப் படுகிறது. ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரியாக 1936இல் வந்தவர், காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர். 1947இல் தூய ஜார்ஜ் பேராலயத்திலேயே மதுரை-ராமநாதபுரத்துக்கு ஆயராக அபிஷேகம் பெற்றார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். பாவத்தையும் இரட்சிப்பையும் பற்றி அவர் எழுதிய நூல் 1956இல் ஆங்கிலத்தில் லண்டனில் வெளியானது. அது முதலில் தமிழில், கிராமச் சபை ஊழியர்களுக்காக எழுதப்பட்டது. இரட்சிப்பு நம்முடையதாவது எப்படி என்ற அதிகாரத்துக்கு வந்தபோது, விசுவாசத்தில் தொடங்கிச் சபையில் முடிப்பதுதான் புராட்டஸ்டண்டு வழக்கம். அவர் அதைத் திருப்பிப் போட்டார், சபையில் தொடங்கினார். கிராமத்தில் ஒருவர் கிறிஸ்துவை முதலில் சந்திப்பது ஒரு கோட்பாட்டில் அல்ல, கூடி ஜெபிக்கிற நாலு மனிதரிடத்தில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிரஸ்பிட்டீரியன் ஒருவரைத் தமிழ்க் கிராமங்கள் இப்படி மாற்றியிருக்கின்றன.

அப்படியானால் மந்தைவெளிப் பெண்ணின் கேள்வியை நான் எடுத்துக்கொள்ளும் விதம் இது. அவர் உள்ளே இருக்கிறாரா என்று அவர் நெஞ்சைத் திறந்து பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. நாங்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா என்று எங்கள் சபையைப் பார்த்துக் கேட்க முடியும். வேப்பேரியில் ஊழியம் செய்த லுத்தரன் ஃபெப்ரிசியஸ், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்துச் சிக்கிக்கொண்டார். முதுமையில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791 ஜனவரியில் கடனாளியாகவே இறந்தார். பணத்தை இழந்தவர்களின் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அவர் மொழிபெயர்த்த வேதத்தையும் ஞானப்பாட்டுகளையும் தமிழ்ச் சபை தூக்கி எறியவில்லை. இன்றும் பாடுகிறோம். விழுந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த துதியைப் பாடிக்கொண்டே விழுந்தவரை வெளியே நிறுத்துகிற சபை தன் பாட்டையே புரிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் சபைகளில் பின்மாற்றம் என்று கண்டிக்கப்படுபவை குடி, சினிமா, சில இடங்களில் நகை. சாதி பார்த்துப் பெண் எடுப்பதை யாரும் பின்மாற்றம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரத்தில் ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே சாதிப்பெயரும் கூச்சமில்லாமல் நிற்கிறது. பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரில் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களில் எவரும் தாம் இரட்சிப்பை இழந்துவிட்டதாக அஞ்சி இரவில் விழித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இரட்சிப்பை இழக்கலாமா கூடாதா என்று இத்தனை நூற்றாண்டு வாதாடிய நாம், எதனால் இழக்கலாம் என்ற பட்டியலை யார் எழுதினார்கள் என்று கேட்கவில்லை. பட்டியலில் ஏழையின் பாவம் பெரிய எழுத்திலும் நம் பாவம் கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் இருக்கிறது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்தன. மேலே நடக்க வேண்டியது பெரும்பாலும் நடந்துவிட்டது. கீழே சபை அளவில் செய்ய வேண்டியதற்குப் புதிய கோட்பாடு தேவையில்லை. ஆங்கிலிக்க ஜெபப்புத்தகத்தின் 1662ஆம் ஆண்டுப் பதிப்பில் திருவிருந்து ஆராதனைக்கு முன் ஒரு விதி அச்சாகியிருக்கிறது. திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறவர்கள் முதல்நாளாவது குருவிடம் பெயர் கொடுக்க வேண்டும். இருவருக்குள் பகை இருப்பது தெரிந்தால், ஒப்புரவாகும்வரை குரு அவர்களைச் சேர்க்கக் கூடாது. ஒருவர் ஒப்புரவாகத் தயாராக இருந்து மற்றவர் பிடிவாதம் பிடித்தால், தயாரானவரைச் சேர்த்துக்கொள்ளலாம், பிடிவாதக்காரரை அல்ல. 1950இல் தென்னிந்தியத் திருச்சபை தயாரித்த திருவிருந்து முறை இதற்கு இன்னொன்றைச் சேர்த்தது: உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, வரிசை வரிசையாக, சமாதானத்தைக் கைமாற்றுதல். இரண்டும் நம் சொத்து. முதலாவதை அப்படியே விட்டுவிட்டோம், இரண்டாவதைக் கும்பிட்டுச் சிரித்துக் கடந்துபோகிறோம்.

என் ஆயர்மண்டலத்தைக் கேட்பது இவ்வளவுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கோயிலைத் திறந்து வையுங்கள். மறுநாள் திருவிருந்துக்கு வருகிறவர்கள் பெயர் கொடுக்கட்டும். குருவானவர் தனியாக அல்ல, சபைப் பெண்களில் முதிர்ந்த ஒருவரும் கூட உட்கார்ந்து கேட்கட்டும். குடித்துவிட்டு அடித்தவர் வரட்டும், அடிபட்டவர் விரும்பினால் மட்டும் அவரும் வரட்டும். சாதி சொல்லிச் சம்பந்தத்தை முறித்த பெரியவரையும் அதே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் முறையாக விழுந்து ஒருவர் வந்தாலும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்க அவருக்கு வழி தெரியும்.